பார்டரைக் காப்பாத்தி வீட்டைச் சுருக்கின மருமகனுக்கு

வா மருமகனே, வா. வெயிலுக்குள்ள ஏன் நிக்கே, திண்ணையில ஏறி உக்காரு. கையில என்ன, பிளானா? அந்தக் காலத்துல ஜாதகத்தைத்தான் இப்படிச் சுருட்டிக் கொண்டு வருவாவ. நீ ரப்பர் பேண்டு போட்டு வீட்டையே சுருட்டிக் கொண்டு வந்திருக்கே. கெட்டிக்காரன்.

விரி, பாப்போம். அடடே, அழகுன்னா அழகு! அடுப்படியில அடுப்பு, படுக்கையறையில கட்டில், கட்டில் மேல ரெண்டு தலையணை. வாசல்ல கார் நிக்கி. எங்க அத்தான் இன்னும் சைக்கிள்லதான் போறாரு, இருந்தாலும் கார் நிக்கி. வீட்டைச் சுத்தி எட்டு மரம் வேற. ஒரே ஒரு குறை, மரத்துல காக்கா இல்ல. அடுத்த தடவை போட்டுரு.

நிலையும் ஜன்னலும் செய்ய அளவு வேணும்னு கேட்டேன், பிளானையே கொண்டு வந்துட்டே. சந்தோசம். கீழ மூலையில என்னமோ எழுதியிருக்கே, எனக்குக் கண்ணு தெரியல, நீயே படி. "ஸ்கேல் 1:100." சரி, அஞ்சாப்போட நின்ன எனக்கு அதுக்கு அர்த்தம் சொல்லு. தாள்ல 1 சென்டிமீட்டர்னா தரையில 100 சென்டிமீட்டர். தாள்ல 10 மில்லி, தரையில 1 மீட்டர். நல்லாச் சொன்னே. எங்க அக்கா கட்டின பீஸ் வீண் போகல.

கொஞ்சம் பொறு. இந்த எவர்சில்வர் ஸ்கேல் இருக்கே, 30 வருஷமா என் உளிப் பையில கிடக்கு. உங்க அத்தை கூட ரெண்டு தடவை கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, இது எங்கேயும் போனதில்ல. இந்தா, மாஸ்டர் பெட்ரூம், நீளம் 4.00 மீட்டர், அகலம் 3.00 மீட்டர்னு எழுதியிருக்கே. 1:100ன்னா ஸ்கேல்ல 40 மில்லியும் 30 மில்லியும் வரணும். வச்சுப் பாக்கேன். 28. அந்தப் பக்கம் 21. கண்ணு ஏமாத்துதோ என்னமோ, நீ வச்சுப் பாரு. 28, 21. மருமகனே, பொய் சொல்லுதது ஸ்கேலா, நீயா? அது 30 வருஷப் பழக்கம், நீ அக்கா மகன். யாரை நான் விட்டுக்குடுக்க?

ஸ்கேலை நம்பினா ஒன் பெட்ரூம் ரெண்டே முக்கால் மீட்டர் சொச்சத்துக்கு ரெண்டு மீட்டர் சொச்சம். உங்க அம்மா 6 அடிக்கு 6½ அடியில கட்டில் செய்யச் சொல்லியிருக்கா. அதை அகலவாக்குல போட்டா கால்மாட்டுல ஒரு சாண் மிஞ்சாது. கல்யாணம் ஆன பெறவு நீ கட்டில்ல ஏறணும்னா வாசல்ல இருந்தே தாவணும்.

முழிக்காதே. நடந்ததை நான் சொல்லுதேன், சரியான்னு பாரு. நீ A3 தாள்ல, அதாவது 420க்கு 297 மில்லித் தாள்ல, 1:100ன்னு சுத்தமாத்தான் படத்தை வச்சிருந்தே. பிரிண்ட் கடைக்குப் போனே. A3 தாள் இல்ல, A4தான் இருக்குன்னான். சரி, அதுலயே போடுன்னே. "தாளுக்குப் பொருத்திப் போடவா?"ன்னு பெட்டி கேட்டுச்சு. நீயும் பொண்ணு பாக்கப் போன மாப்பிள்ளை மாதிரி தலையை ஆட்டினே. பெட்டி பொருத்திருச்சு. படம் நூத்துக்கு 71 பங்கா சுருங்கிருச்சு. 1:100 இப்ப 1:141 ஆச்சு. ஆனா மூலையில எழுதின எழுத்து இருக்கே, அதுக்கு வெக்கம் கிடையாது. இன்னமும் 1:100ன்னே சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கு.

செருப்புக்குத் தக்கன காலை வெட்டின கதைன்னு நாம சொல்லுவோம். இங்கிலீஷ்ல அதுக்கு "ஃபிட் டு பேப்பர்"னு பேரு.

இதெல்லாம் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? என் பேத்தி டவுன்ல டிராயிங் ஆபீஸ்ல இருக்காள்லா. ராத்திரி லேப்டாப்பைத் தொறந்து வச்சு அவ வேலை பாப்பா, நான் பக்கத்துல உக்காந்து வெத்தலை போடுவேன். அவ வாயில கேட்டது பாதி, என் கையில பட்டது பாதி.

பூக்காரி கிட்ட முழம் போட்டு வாங்கியிருக்கியா? காலையில ஒரு முழம் இருக்கும், சாயங்காலம் பூ தீரப்போற நேரத்துல அதே கையில முழம் ஒரு விரல் குட்டையாயிரும். அவளைக் குத்தம் சொல்லப்படாது. தலையில வைக்கிற பூவுக்கு அந்த முழம் போதும். தலைக்கு மேல நிக்கிற கூரைக்கு ஆகுமா? ஒன் கம்ப்யூட்டர் இப்ப பூக்காரி முழம் போட்டுக் குடுத்திருக்கு. நீ அதைத் தச்சு முழம்னு நினைச்சு எங்கிட்ட கொண்டு வந்திருக்கே.

"மாமா, அதான் அளவெல்லாம் எழுதியிருக்கே, ஸ்கேல் வச்சு எவன் அளக்கான்?"னு கேக்கே. நல்ல கேள்வி. படத்துல எழுதினதைப் படி, அளந்து பாக்காதேன்னு எங்க காலத்து டிராப்ட்ஸ்மேனும் ஓரத்துல எழுதித்தான் வைப்பாரு. ஆனா நீ எல்லாத்துக்குமா எழுதியிருக்கே? இந்த சுவிட்சுப் பெட்டி நிலையில இருந்து எவ்வளவு தள்ளி? எழுதல. இந்தக் குழாய்? எழுதல. ஜன்னல் மூலையில இருந்து எத்தனை விலகியிருக்கு? அதுவும் இல்ல. மத்தியானம் மூணு மணி வெயில்ல, ஜல்லியும் தண்ணியும் கலந்துக்கிட்டு நிக்கிற கொத்தனாரு உனக்குப் போன் போடுவாரா? போட்டாலும் நீ எடுப்பியா? பாக்கெட்டுல கிடக்கிற டேப்பை எடுத்து உன் படத்து மேலதான் வைப்பாரு. எழுதாத இடத்துல கோடுதான் எழுத்து. கோடு பொய் சொன்னா சுவர் பொய் சொல்லும்.

சரி, இந்த "பொருத்து" பொத்தானை ஏன் அழுத்துதீங்க? அதுல ஒரு ரகசியம் இருக்கு. சாதாரணப் பிரிண்டர் எதுவும் தாளோட விளிம்பு வரைக்கும் மை போடாது. சுத்தி நாலஞ்சு மில்லி விட்டுத்தான் போடும். நீயோ தாளோட விளிம்புல கொண்டு போய் பார்டர் கோடு போடுதே. பிரிண்ட் எடுத்தா ஒரு பக்கத்துக் கோட்டைக் காணோம். ஐயோ, பார்டர் போச்சேன்னு பதறி "பொருத்து"ங்கே. பெட்டி பார்டரைக் காப்பாத்திருது. அதுக்காக உள்ள இருக்கிற வீடு, வாசல், கிணறு, கக்கூஸ் எல்லாத்தையும் நூத்துக்கு 97, 96ன்னு சுருக்கிருது. வேலியைக் காப்பாத்த வயலை வித்தவனை நீ பாத்திருக்க மாட்டே. கண்ணாடியில போய்ப் பாரு.

இந்த 97 இருக்கே, அது 71ஐ விடப் பொல்லாதது. 71 ஆனா என்னை மாதிரிக் கிழவனுக்குக் கூடக் கண்ணுல பட்டுரும். 97 கண்ணுல படாது. 4 மீட்டர் ரூம் ஸ்கேல்ல 3.88 ஆகும். 12 சென்டிமீட்டர் காணாமப் போச்சு. 12 சென்டிமீட்டர்னா எம்புட்டு? ஒரு 4½ இஞ்சிச் சுவரோட கனத்தை விடக் கூட. ஒரு சுவரையே ஒருத்தன் திருடிட்டுப் போறான், நாய் குரைக்கல. வெளியூர்த் திருடனைப் பிடிச்சிரலாம், வீட்டுக்குள்ளயே இருந்து தினம் ஒரு படி நெல்லு எடுக்கிறவனை எப்படிப் பிடிக்க?

அதுவும் ஒரு இடத்துல இல்ல, மூணு இடத்துல உக்காந்திருக்கான். நம்ம ரோட்டுல சுங்கச்சாவடி இருக்கில்லா, அதே மாதிரி. முதல் சாவடி, நீ படம் வரையுத ஆட்டோகேடுல பிளாட் போடுத, அதாவது படத்தைத் தாளுக்கு அனுப்புத பெட்டி. அங்க "ஃபிட் டு பேப்பர்"ல டிக் இருந்தா முதல் வசூல். தப்பிச்சு பிடிஎஃப் ஆக்கிட்டேன்னு வச்சுக்கோ, அந்த பிடிஎஃப்பைத் தொறந்து பிரிண்ட் குடுக்கையில "ஃபிட்", "ஆக்சுவல் சைஸ்"னு ரெண்டு கேக்கும். "ஃபிட்"ல நின்னா ரெண்டாவது வசூல். அதுலயும் தப்பிச்சா மூணாவதா பிரிண்டரோட சொந்த செட்டிங் ஒண்ணு இருக்கு, "தாளுக்குச் சுருக்கு"ன்னு எவனோ ஒருத்தன் என்னைக்கோ வச்சுட்டுப் போயிருப்பான். ரெண்டு சாவடியில 97, 97ன்னு போனா கையில மிஞ்சுறது 94. நீ முதல் சாவடியில ஒழுங்கா இருந்தேன்னு நெஞ்சைத் தட்டுதே. மத்த ரெண்டையும் யாரு பாக்க?

பேத்தி ஒரு தாளைக் காட்டிச் சிரிச்சா. அதுல ஒண்ணுமே இல்ல. உத்துப் பாத்தா மூலையில துவரம்பருப்பு மாதிரி ஒரு கருப்பு. "இது என்னம்மா, ஈ எச்சமா?"ன்னேன். "இல்ல தாத்தா, மூணு மாடி வீடு"ன்னா. ஆபீசுக்குப் புதுசா வந்த பையன் பண்ணினதாம். சங்கதி இதுதான். கம்ப்யூட்டர்ல படத்தை உள்ளபடியே வரையணும். 12 மீட்டர் சுவருன்னா 12 மீட்டர். அந்த இடத்துக்கு மாடல்னு பேரு. அங்க ஸ்கேலும் கிடையாது, தாளும் கிடையாது. பெறவு லேஅவுட்னு ஒரு இடம், அதுதான் தாள். தாள்ல ஒரு ஜன்னலை வெட்டி அது வழியா மாடலைப் பாக்கணும். அந்த ஜன்னல் பேரு வியூபோர்ட். சுருக்கம் அந்த ஜன்னலுக்குத்தான், 1:100. தாளைப் பிளாட் போடையில 1:1தான். தாள் தாளாவே வரணும்லா. அந்தப் பையன் ஜன்னல்லயும் 1:100 வச்சான், பிளாட்லயும் 1:100 வச்சான். குழம்புல ஆத்தாளும் உப்புப் போட்டு மகளும் உப்புப் போட்ட கதை. நூறை நூறால பெருக்கிப் பாரு, 1:10000. A3 தாளே 4 மில்லிக்கு 3 மில்லியாப் போச்சு. அந்த வீட்டுக்கு எறும்பு கூட வாடகைக்கு வராது.

ஜன்னல்ல 1:100 வச்ச கையோட அதைப் பூட்டிரணும். பூட்டாம விட்டா, உள்ள போய்ப் படத்தைப் பாக்கையில எலி மேல இருக்கிற சக்கரத்தை ஒரு சுத்து சுத்துவே, 1:100 போய் 1:113.7ன்னு என்னமோ வந்து நிக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆட்டைக் கட்டாம மேய விட்டுட்டு அடுத்த வயல்காரனைத் திட்டாதே.

அடுத்தது அளவுக் கணக்கு. நம்ம ஊர்ல எல்லாத்துலயும் ரெண்டு பேச்சு. வீட்டுக்காரருக்கு அடி, அப்ரூவலுக்கு மீட்டர், கம்பிக் கட்டுறவருக்கு மில்லி, எனக்கு இஞ்சி, நிலத்துக்கு சென்ட். ஒரே வீட்டுக்கு அஞ்சு பாசை. அடிக் கணக்குல படம் போடுதவன் 1 அடிக்கு ⅛ இஞ்சின்னு ஸ்கேல் வைப்பான். 1 அடிக்கு 12 இஞ்சி, 1 இஞ்சிக்கு எட்டு அரைக்கால். பெருக்கினா 96. ஆக அது 1:96. "நூத்துக்குப் பக்கம்தானே"ன்னு அதை 1:100 ஸ்கேல்ல அளந்தா 10 மீட்டர் வீடு 10.42 மீட்டராக் காட்டும். 42 சென்டிமீட்டர் சும்மா கிடைச்சுச்சேன்னு சந்தோசப்படாதே, அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரன் நிலத்துல நிக்கும். பெறவு கோர்ட்டுல நீ நிப்பே.

மீட்டர்ல வரைஞ்ச படத்தை மில்லின்னு நினைச்சுப் பிளாட் போட்டா 1000 மடங்கு போச்சு. இஞ்சிப் படத்துல செஞ்சு வச்ச கதவை மில்லிப் படத்துல கொண்டு போய்ப் போட்டா, கணக்கு ஒத்து வராம 25.4 பங்குல ஒரு பங்காயிரும். எலி போற கதவு. ஒனக்குச் சிரிப்பா இருக்கு. நாசாக்காரங்க செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பின மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999ல எப்படித் தொலைஞ்சுச்சு? ஒரு கூட்டம் பவுண்டுல கணக்குக் குடுத்துச்சு, இன்னொரு கூட்டம் அதை நியூட்டன்னு நினைச்சு வாங்கிக்கிச்சு. அந்தச் சோலியையும் படிச்சவங்கதான் பாத்தாவ. என்னை மாதிரி அஞ்சாப்பு ஒருத்தனைக் கூட வச்சிருந்தா, "ஐயா, இது அடியா, முழமா?"ன்னு வாயை விட்டுக் கேட்டிருப்பான்.

தாள் விசயத்துல மட்டும் வெள்ளைக்காரன் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கான். 1922ல ஜெர்மனியில போர்ஸ்ட்மன்னுன்னு ஒருத்தரு வகுத்துக் குடுத்த கணக்கு அது. A0 தாள் சரியா 1 சதுர மீட்டர். அதை ரெண்டா மடிச்சா A1, அதை மடிச்சா A2, பெறவு A3, A4. 8 முழ வேட்டியை மடிச்சு 4 முழமாக் கட்டுத மாதிரி. எத்தனை மடிச்சாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள உறவு மாறாது. அதனால A1ல 1:50ன்னு போட்ட படத்தை A3ல போட்டா நீளம் சரியாப் பாதி, 1:100 ஆயிரும். அதுக்கு ஸ்கேல் கடையில கிடைக்கும், நியாயமான காரியம். ஆனா ஒரே ஒரு படி இறங்கி A3ல இருந்து A4க்கு வந்தா 1:141. 1:141க்கு எந்தக் கடையில ஸ்கேல் விக்கான்? ரெண்டு படி இறங்கலாம், ஒரு படி இறங்கப்படாது. நம்ம வீட்டு மச்சுப் படியில இப்படி ஒரு சட்டம் உண்டா? ஆனா தாளுக்கு உண்டு.

அமெரிக்காக்காரன் இந்தக் கூட்டத்துல சேரல. அவன் லெட்டர் தாள் 279க்கு 216 மில்லி. நம்ம A4ஐ விடக் குட்டை, ஆனா தொந்தி பெருசு. சில புரோகிராம் அங்க செஞ்சது, தொறந்ததும் லெட்டர் தாளைத்தான் எடுத்து நீட்டும். கவனிக்காம A4 படத்தை அதுல பொருத்தினேன்னா, 297ஐ 279ல திணிக்க நூத்துக்கு 94 ஆக்கிரும். நீ பாளையங்கோட்டையில உக்காந்து சிகாகோ தாளுக்குப் பிளான் போட்டுக்கிட்டு இருப்பே.

எழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை. எனக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னேன்லா, அது முழுசும் என் கண்ணுக் குத்தமில்ல. A3ல 2.5 மில்லி உசரத்துல எழுதினது A4ல 1.8 மில்லி ஆயிட்டு. அந்தக் காலத்துல ரோட்ரிங் பேனா வச்சு வரைவாவ. 0.18, 0.25, 0.35, 0.5ன்னு முனை இருக்கும். ஒவ்வொண்ணும் முந்தினதை விட ஏறக்குறைய 1.4 மடங்கு. ஏன் அப்படி வச்சான்? தாள் ஒரு படி இறங்கினா கோட்டுக் கனமும் ஒரு படி இறங்கி அடுத்த பேனா முனையில வந்து சரியா நிக்கணும்னுதான். பேனாவைச் செஞ்சவனுக்கே தாள் சுருங்கும்னு தெரிஞ்சிருக்கு. பொத்தானை அழுத்துத உனக்குத் தெரியல.

அம்மோனியா பிரிண்ட்டுன்னு கேள்விப்பட்டிருக்கியா? டிரேசிங் தாளை மருந்துத் தாள் மேல வச்சு வெளிச்சம் காட்டி எடுப்பாவ. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கடைக்குள்ள போகணும், அப்படி ஒரு நாத்தம். ஆனா தாள் மேல தாள் ஒட்டிக் கிடந்து எடுத்த படம்லா, அம்மை மாதிரி பிள்ளை. கோடு இம்மி நகராது. நாத்தம் போச்சு, ஜெராக்ஸ் வந்துச்சு, பெருக்கலாம் சுருக்கலாம்னான், அன்னைக்குப் பிடிச்சது சனி. இப்ப வாசனையா ஏசி ரூம்ல பிரிண்ட் போடுதீங்க. அளவுதான் நாறுது.

இம்புட்டு நேரம் ஒன்னைக் கேலி பண்ணினேன்லா, இப்ப என் கதையையும் கேளு. உங்க அம்மா கிட்ட சொல்லிராதே.

கொஞ்ச வருஷம் முந்தி ஒரு வீட்டுல பூஜை ரூம் கதவுக்கு மேல வளைவு வச்சு, நடுவுல அன்னமும் கொடியும் செதுக்கணும்னு கேட்டாவ. டிராயிங்காரர் கம்ப்யூட்டர்ல அழகா வரைஞ்சு, உள்ளது உள்ளபடியே 1:1ன்னு, 8 தாள்ல பிரிண்ட் எடுத்து ஒட்டிக் குடுத்தாரு. நிலைக்குள்ள அகலம் 900 மில்லி. தாள்லயும் 900ன்னு எழுதியிருந்துச்சு. நான் எழுத்தைப் பாத்தேன், ஸ்கேலை எடுக்கல. நல்ல தேக்குப் பலகை, தாளை ஒட்டி, கோட்டு மேலயே அறுத்து, 11 நாள் உக்காந்து செதுக்கினேன். அன்னம் பேசாத குறை. தூக்கிக் கொண்டு போய் நிலையில வச்சா, ரெண்டு பக்கமும் விரல் போற சந்து. அளந்து பாத்தேன், 873. எட்டுத் தாளும் ஆளுக்கு 97ன்னு சுருங்கி வந்திருக்கு. 27 மில்லி முழுங்கிட்டு.

தேக்கை இழுத்து நீட்ட முடியுமா? ராத்திரியோட ராத்திரியா ரெண்டு பட்டியல் சீவி, அதுல முத்து முத்தா உருட்டி, ரெண்டு பக்கமும் சொருகி, வார்னிஷ் அடிச்சுட்டேன். மறுநா வீட்டுக்காரம்மா வந்து பாத்தாவ. "ஆசாரி, அன்னத்தை விட இந்த ஓரத்து முத்துதான் ரொம்ப லட்சணமா இருக்கு, இது படத்துல இல்லையே"ன்னாவ. "அது நம்ம கைக் கற்பனை"ன்னேன். 500 ரூவா கூடக் குடுத்தாவ. வாங்கிக்கிட்டேன். ஆனா அந்த வீட்டு விசேஷத்துக்குப் போனா இன்னைக்கும் பூஜை ரூம் பக்கம் நிமிந்து பாக்க மாட்டேன். சாமி கும்பிடுதேன்னு நினைச்சுக்கிடுவாவ.

அதனாலதான் சொல்லுதேன். கதவு செய்ய, செதுக்க, ஓட்டை போடன்னு 1:1 தாளை மரத்துல ஒட்டி வேலை பாக்கிற இடத்துல சுருக்கத்துக்கு மன்னிப்பே கிடையாது. 150 மில்லி தள்ளி ரெண்டு ஓட்டைன்னா, 97ல அது 145½ ஆயிரும், போல்ட்டு உள்ள போகாது. சுவர்லயாவது சிமெண்டு பூசி மறைக்கலாம். மரமும் இரும்பும் மறைக்க விடாது.

இனி என்ன செய்யணும்னு கேக்கே. சொல்லுதேன், கேட்டுக்கோ. தாளுக்குள்ள பார்டர் போடையில இடது பக்கம் 20 மில்லி, மத்த மூணு பக்கமும் 10 மில்லி விட்டுப் போடு. அதுதான் முறை. பிரிண்டருக்கு இடம் விட்டா அது உன் வீட்டுல கை வைக்காது, "பொருத்து"ங்கிற பேச்சே வராது. பிளாட்ல 1:1, பிடிஎஃப்ல "ஆக்சுவல் சைஸ்", பிரிண்டர்ல 100. மூணு சாவடியிலயும் நீயே இறங்கிப் பாரு, கடைப் பையனை நம்பாதே. அவனுக்குத் தாள் பாழாப் போகாம இருந்தாச் சரி. மூலையில வெறும் 1:100ன்னு எழுதாதே, "A3 தாளில் 1:100"ன்னு எழுது. அப்ப A4ல பாக்கிறவன் அப்பவே சுதாரிச்சுக்கிடுவான்.

அதோட ஒரு கோடு. படத்துக்குக் கீழ, 1, 2, 3, 4, 5 மீட்டர்னு வெட்டு வெட்டாப் போட்டு ஒரு ஸ்கேல் பார் வரைஞ்சு வை. எழுதின எண்ணு மாறாது, கோடு சுருங்கும். படம் சுருங்கினா அதுவும் கூடச் சேந்து சுருங்கும், அதனால அது பொய் சொல்லாது. இது ஒன்னும் புதுசு இல்ல. ராசா காலத்துல நிலம் அளக்க 12 சாண் கோல், 16 சாண் கோல்னு இடத்துக்கு இடம் வேற வேற கோல் இருந்துச்சு. சண்டை வந்தா என்ன செய்ய? கோலோட நீளத்தைக் கோயில் சுவர்லயே வெட்டி வச்சிருக்காவ. சோழநாட்டுப் பக்கம் பழைய கோயில் சிலதுல இன்னைக்கும் பாக்கலாம். எவன் கோலை எடுத்துட்டு வந்தாலும் சுவர்ல வச்சு ஒப்பிட்டுப் பாத்துக்கோன்னு அர்த்தம். கல்லுல வெட்டின ஸ்கேல் பார் அது. ஒன் படத்துல அது இல்ல. எட்டு மரம் இருக்கு.

கடைசியா ஒண்ணு. பிரிண்ட் வந்ததும் அழகு பாக்காதே. சரியா 100 மில்லிக்கு ஒரு சதுரம் போட்டு வச்சிரு, ஸ்கேலை எடுத்து நீளவாக்குல ஒரு தடவை, குறுக்குவாக்குல ஒரு தடவை அளந்து பாரு. ரெண்டும் அளக்கணும், சில மிஷின் தாளை இழுக்கிற பக்கம் மட்டும் கொஞ்சம் நீட்டும். ஐப்பசி மழையில தாளே ஊறிப் பெருகும், அதுக்கு நூல் அளவு விட்டுக்குடு. மத்தபடி 100ன்னா 100. 97 வந்தா கிழிச்சுப் போட்டுட்டு இன்னொண்ணு எடு. ஒரு தாள் அஞ்சு ரூவா, ஒரு நிலை எத்தனை ஆயிரம்னு ஒனக்கு நான் சொல்லவா?

இந்தா, இந்த ஸ்கேலை வச்சுக்கோ. பிரிண்ட் கடைக்குப் போகையில மறக்காமக் கொண்டு போ. A3லயே எடுத்துட்டு வா, நான் மரம் வாங்கக் கடைக்குப் போறதை நாளைக்குத் தள்ளி வைக்கேன். ஸ்கேலை மட்டும் பத்திரமாத் திருப்பிக் கொண்டு வந்துரு, எனக்கு வேற கிடையாது. ஆமா, வரும்போது அந்த மரத்துல ஒரு காக்காவும் போட்டுட்டு வா.